எண்ணெய் ஊறும் நேரம்

சுற்றுகிற சாமான் எதுவானாலும் அதற்குள் எங்கேயோ ஓரிடத்தில் எடை ஒளிந்திருக்கும். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லராக இருக்கட்டும், மாவு மில்லின் புல்லியாக இருக்கட்டும். அதைக் கண்டுபிடித்துச் சுரண்டி எடுப்பதுதான் என் பிழைப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பம்பு பட்டறையில் பேலன்ஸிங் மிஷின் முன்னால் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. பாலக்காட்டுப் பக்கத்துப் பெருமாட்டியிலிருந்து காலை பஸ்ஸில் போவேன், பொழுதோடு திரும்புவேன். பொம்பளைக்கு இந்த வேலையெல்லாம் வருமா என்று கேட்டவர்கள் நிறைய. அவர்கள் தோட்டத்துப் பம்பில் ஓடுவது என் கை பட்ட இம்பெல்லராகத்தான் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் விமானப்படையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று எருத்தேன்பதிக்கு வந்தவர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கொப்பரை உலர்த்தும் களத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட சாளை ஒன்று உண்டு. அதைக் காலி செய்து, அதற்குள் விமானம் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அலுமினியக் குழாய்களால் கூடு, அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, மூக்கில் ஒரு இன்ஜின். மற்றதையெல்லாம் வாங்கி வந்தார், புரொபெல்லரை மட்டும் தன் கையால் செதுக்கினார். மகாகனிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, உளியும் இழைப்புளியுமாக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அதற்கு விசிறி என்றுதான் பெயர். தென்னைக்கு மருந்தடிக்கவா இது என்று ஊரில் கேட்டார்கள். உங்க வாயில அடிக்க என்று நான் பதில் சொன்னேன். அண்ணன் சிரித்ததோடு சரி.

அவர் இறந்தது ஒரு சனிக்கிழமை. எங்கள் வீடுகளில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். இது மாறாது. சனிக்கிழமையானால் நங்கையா அவர் தலையிலும் முதுகிலும் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவார். நங்கையா என்றால் அண்ணி, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெந்நீர் காய்ந்து வருகிறவரைக்கும் எண்ணெய் ஊற வேண்டும். அந்த நேரத்தைச் சும்மா விட அண்ணனுக்கு மனசு வராது, இடுப்பில் ஒரு துண்டோடு சாளைக்குள் போய்விடுவார். அன்றைக்கும் போனார். விசிறியின் ஒரு பிளேடுக்குப் புதிதாக வார்னிஷ் அடிப்பதற்காக முதல் நாள்தான் பழையதைச் சுரண்டி, மரம் தெரிய விட்டிருந்தார். தண்ணீர் காய்ந்துவிட்டது என்று சொல்ல நங்கையா போனபோது சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு.

மிஷின் பக்கத்தில் நடந்த சாவு என்பதால் போலீசு வந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்து, மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் போகிறவர் தலையில் உறவுக்காரர்கள் எண்ணெயும் அரப்பும் வைத்து, தண்ணீர் வார்த்துத்தான் அனுப்புவார்கள். அரப்பு என்பது உசிலை இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள், எண்ணெயை எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது. கட்டைப் பிரிக்க வேண்டாம், தாங்கமாட்டீர்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நங்கையா விரலில் அரப்பைத் தொட்டுத் துணியின்மேல் வைத்தார். கையில் சொம்புத் தண்ணீரோடு கொஞ்ச நேரம் நின்றார். யாரோ அதை வாங்கிக் கீழே வைத்தார்கள்.

அண்ணனுக்கு ஒரே மகள். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், தனியாகப் போய் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸும் வாங்கி வைத்திருக்கிறாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள். வருஷத் திதி முடிந்ததும் அந்த விமானத்தை நான் முடிக்கிறேன், நானே ஓட்டுகிறேன் என்றாள். நங்கையா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் அந்தச் சாளைக்குள் கால் வைக்கமாட்டேன், அது மட்டும் என்னால் ஆகாது என்று சொன்னார். பெண் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவாள், ஞாயிறு முழுக்க வேலை செய்வாள். எலி கடித்த வயர்களை மாற்றினாள். காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்க்குள் குளவி கட்டியிருந்த மண் கூட்டைக் குத்தி எடுத்தாள். பெட்ரோல் ஓஸ்களை மாற்றி, துணியில் ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தாள். விசிறி மட்டும் அப்பா செய்ததுதான், அதில் வேறு பேச்சே இல்லை என்றாள். வார்னிஷ் போயிருந்த பிளேடுக்கு அவளே வார்னிஷ் அடித்தாள். அதற்குப் பிறகு, அத்தை, நீங்கள் வந்து இதைப் பேலன்ஸ் பண்ணிக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டாள்.

கிழக்கத்திக் காற்று அடங்குகிற மாசியில் பறப்பது என்று பேச்சு. நான் மார்கழியில் வேலையைத் தொடங்கினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விசிறியைக் கழற்றி நடு ஓட்டையில் ஒரு தண்டைச் செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் உட்காரவைக்க வேண்டும். எந்தப் பிளேடு கனமோ அது தானாகக் கீழே இறங்கும். லேசான பிளேடின் நுனியில் இன்னொரு பூச்சு வார்னிஷ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமானதை உப்புத்தாளால் இழைக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றால் வேலை முடிந்தது. முதல் ஞாயிறே அண்ணனின் விசிறி நின்றது. படுக்கை மட்டமாக இன்ஜினில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மர விசிறியை எப்போதும் படுக்கை மட்டமாகத்தான் நிறுத்த வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப் பிளேடுக்கு இறங்கும்.

அடுத்த ஞாயிறு போனால் விசிறி செங்குத்தாக நின்றது. வார்னிஷ் புதிதாக அடித்த பிளேடு கீழே இருந்தது. கழற்றித் தண்டில் ஏற்றினேன். அந்தப் பிளேடு கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இறங்கியது. நடுப்பகுதியில் ஓரிடத்தில் வார்னிஷ் தோல் உரிந்தாற்போல எழும்பியிருந்தது. கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனைப் போனிலேயே காய்ச்சினேன். உரிந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி வார்னிஷ் அடித்து, மறுபடி சமன் செய்துவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதே பிளேடு, அதே இடத்தில் உரிசல். வெளியே உதடு வெடிக்கிற வறட்சி. தென்னை மட்டைகள் காற்றில் காய்ந்து சலசலவென்று அடித்துக்கொள்கின்றன. இந்த மரத்துண்டு மட்டும் எங்கே போய் எடை பிடித்து வருகிறது? எனக்குக் கோபம் தலைக்கேறியது. எலியா, சாளைக்குள் வந்து குடிக்கிற எவனாவது திருப்பி விளையாடுகிறானா, இந்தப் பெண்ணே நான் இல்லாதபோது தொடுகிறாளா? அவளையும் விட்டுவைக்கவில்லை, கேட்டேன். ஞாயிறு தவிர வேறு நாள் அவள் சாளைப் பக்கமே போவதில்லை என்றாள். விசிறியைச் சும்மா கையால் திருப்பினாலே இன்ஜின் சட்டென்று உயிர் பிடித்துக் கையை வெட்டலாம், யாருக்கு அந்தத் தைரியம் வரும் என்றாள்.

ஒரு நாள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். விமானத்தின் உடம்பு காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. அதிர்வை அளக்கச் செல்போனில் ஏதோ வைத்திருந்தாள், அதைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, தரையில் வைத்த டீ டம்ளர் நகர்ந்துபோனது. பம்பு அதிர்ந்தால் பேரிங் போகும், கிணற்றுக்காரன் திட்டுவான், அதோடு முடிந்தது. விமானத்தில் அப்படியில்லை. மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும், போல்ட் இளகும், அதிர்வு ஏறும், கடைசியில் இன்ஜினே பூட்டிய இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். ஆகாயத்தில் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க முடியாது. அவள் சின்ன வயதில் என் மடியில் மூத்திரம் போனவள். அவள் உயிர் நான் சமன் செய்கிற ஒரு மரக்கட்டையில் இருந்தது.

களத்தில் தேங்காய் உடைக்கிற பெண்கள் அதற்குள் ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் சாளைப் பக்கம் போனால் அரப்பு வாசம் வருகிறதாம். பெரியவர் எண்ணெய் தேய்த்த தலையோடு போனவர், குளிக்க அலைகிறாராம். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஒருத்தியும் களத்தில் இருப்பதில்லையாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அரை நாள் வேலைக்கு மட்டம் போட என்ன அருமையான பேய் கிடைத்தது உங்களுக்கு என்று அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

திட்டிவிட்டு உள்ளே போனேன். உரிந்த இடத்தைப் பார்க்க மூக்கைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வார்னிஷ் நெடிக்கு அடியிலிருந்து நல்லெண்ணெய் வாசம் வந்தது. அதற்குப் பின்னால் அரப்பு. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பேன், அப்போது அவர் ஈரத் தலையிலிருந்து வருமே, அதே வாசம். நான் சாமி கும்பிடுவதையே ஒப்புக்குச் செய்கிறவள். ஆனாலும் வாயில் வந்துவிட்டது, அண்ணா என்று. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலையை முடித்து, விசிறியைப் படுக்கை மட்டமாக நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். நல்ல வெயிலில் பயந்து நடந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த வாரம் முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. பேயென்றால் பார்த்துவிடுவது, ஆளென்றால் செருப்பால் அடிப்பது என்று சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கிளம்பினேன். களத்தில் ஆள் இல்லை. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளேயும் ஆள் இல்லை. சாளைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த வாசம் வாசலுக்கே வந்தது. உள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"கண்ணெ மூடிக்குங்க. அரப்புத் தண்ணி உழுந்துரும்."

நங்கையாவின் குரல். எட்டிப் பார்த்தேன். சாளைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விமானத்தின் மூக்குக்கு முன்னால் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆவி பறக்க ஒரு குண்டா வெந்நீர், கிண்ணத்தில் கரைத்த அரப்பு, எண்ணெய்க் கிண்ணம். விசிறியைத் திருப்பி அந்தப் பிளேடைத் தன் உயரத்துக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, முதுகு தேய்ப்பதைப் போல வலது கையால் மேலும் கீழும் தேய்த்தார். சொம்பில் மொண்டு ஊற்றினார். தண்ணீர் மரத்தின் வழியே இறங்கி நுனியில் சொட்டியது.

எனக்கு என்ன வந்ததோ, கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன். "உங்க புள்ளயக் கொல்லப் பாக்கறீங்களா நங்கையா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். மரம் ஊறுகிறது, போல்ட் இளகும், அவள் மேலே போய் விழுவாள், அதற்குத்தான் இத்தனை நாள் கமுக்கமாக இருந்தீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் திடுக்கிடவில்லை. சொம்பைக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையை அந்தப் பிளேடில், வார்னிஷ் எழும்பிக் கிடந்த இடத்தில் அழுத்தி வைத்தார்.

அப்போதுதான் தெரிந்தது. விரல்கள். ஒரு பக்கம் நான்கு, ஓரத்தைச் சுற்றி வந்து மறுபக்கம் கட்டைவிரல். என் கையைவிடப் பெரிய கை.

"உங்கண்ணனுதுங்க அம்முணி. உழுகறப்ப எண்ணெக் கையோட புடிச்சிருக்கறாரு. கழுவக் கழுவப் போகமாட்டீங்குது."

வார்னிஷ் இல்லாத வெறும் மரத்தில் எண்ணெய் இறங்கினால் இறங்கியதுதான். எண்ணெய் இருக்கிற இடத்தில் எந்தக் கம்பெனி வார்னிஷும் பிடிக்காது, தோலாக எழும்பும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஞாயிறுதோறும் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தவள் நான்தானே. அது என் அண்ணனின் கை என்று மட்டும் தெரியவில்லை. நான் தேய்க்கத் தேய்க்க அது திரும்பித் திரும்பி வந்திருக்கிறது. அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நங்கையா அழவில்லை. சொட்டிக்கொண்டிருந்த பிளேடைத் தன் முந்தானையால் துவட்டினார்.

மெதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது தன் கை, தண்ணீர் வார்க்க மட்டும் அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. கட்டின துணிக்கு மேல் அரப்பு வைத்தால் அது குளியலா? திதிக்கு மறு வாரம் ஏதோ எடுக்க உள்ளே வந்தபோது இந்தக் கையைப் பார்த்தாராம். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறவில்லை. மகள் எதிரே வேண்டாம் என்றுதான் அவள் வருமுன் முடித்துக்கொண்டார். கதவில் பூட்டுப் போட்டாலும் வந்திருப்பேன் என்றார். மரம் குடிக்கிற தண்ணீர் இத்தனை தூரம் போகும் என்று தெரியாது, தெரிந்திருந்தால் என் கையை வெட்டிப் போட்டிருப்பேன் என்றபோதுதான் அவர் குரல் உடைந்தது.

விசிறியைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பலகைகள் ஒட்டியிருந்த கோட்டில் ஓரிடத்தில் என் நகம் உள்ளே போனது. பசை விட்டுவிட்டது. இனி வார்னிஷும் உப்புத்தாளும் எதையும் காப்பாற்றாது. இதைப் பூட்டினால் பெண் திரும்பி வரமாட்டாள், இது இல்லாமல் அந்தப் பெண் ஏறவும் மாட்டாள் என்று நங்கையாவிடம் சொன்னேன். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

சாயங்காலம் அவள் வந்ததும் நங்கையா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் முதலில் அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தினாள். அப்பா தொட்டது இது ஒன்றுதான் மிச்சம், அதையும் ஊறவைத்துக் கெடுத்தாயே என்றாள். குறுக்கே போன என்னையும் சேர்த்துக் கிழித்தாள். போகிற போக்கில் விசிறியைத் தூக்கித் தன் கட்டிலில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் ஊருக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. காற்று அடங்கி, மாசி பிறந்து, நங்கையா சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என் வாய்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மாசி முடிகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். காரின் கூரையில் நீளமான ஒரு பெட்டி, கடையில் செய்த புது விசிறி. இறங்கியவள் நேராக உள்ளே போய்ப் பழைய விசிறியை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். நீ என்ன செய்யணுமோ செய் என்றாள். ஆற்றில் விடலாம் என்றேன் நான். எங்கள் ஆறான சித்தூர்ப் புழையில் அந்த மாதம் கணுக்கால் தண்ணீர்கூடக் கிடையாது. நங்கையா யோசித்துவிட்டு, அறுத்துக் குடுங்க அம்முணி, வெந்நீர் அடுப்புக்குப் போடலாம் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பெண் மரம் அறுக்கிற வாளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அண்ணன் செதுக்கியதைத் துண்டு துண்டாக அறுத்தேன். கை பதிந்த துண்டு வந்ததும் அறுப்பதை நிறுத்தி அதை மடியில் வைத்துக்கொண்டேன். இது ஒன்று இருக்கட்டும், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நங்கையா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் என் மடியிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

"எண்ணெ தேச்சவுங்க இன்னும் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாங்க அம்முணி? பாவமில்லீங்களா."

அதை அடுப்புக்குள் தள்ளினார். எண்ணெய் இறங்கிய மரம் சட்டென்று பிடித்து நன்றாக எரிந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பெண்களின் நாள். நங்கையா மகளை மணையில் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, அப்பனின் விசிறியில் காய்ந்த தண்ணீரை மொண்டு அவள் தலையில் வார்த்தார். கண்ணை மூடிக்கோ கண்ணு என்றார். அந்தப் பிடிவாதக்காரி மூடினாள். மூடின கண்ணுக்குள்ளிருந்து வழிந்தது வெறும் குளிக்கிற தண்ணீர் இல்லை.

மறுநாள் புது விசிறியைத் தண்டில் ஏற்றினேன். கொஞ்சம் வார்னிஷ் கொடுக்க வேண்டியிருந்தது, பிறகு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. ஞாயிறு விடிந்ததும், கடலைக்காய் பிடுங்கிச் சமன் செய்து வைத்திருந்த மேட்டாங்காட்டிலிருந்து அவள் கிளம்பினாள். நங்கையா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வரப்பில் என் தோளைப் பிடித்து நின்றார். விமானம் தென்னைகளுக்கு மேலே போய், எருத்தேன்பதியை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக வந்து இறங்கியது. டம்ளர் நகராது, அப்படி ஒரு ஓட்டம். இறங்கி வந்தவளின் தலையை நங்கையா இழுத்து மோந்து பார்த்தார். என் தோளில் அவர் நகம் பதிந்த இடம் ரெண்டு நாள் வலித்தது.

களத்துப் பெண்கள் இப்போது சனிக்கிழமையும் பொழுது சாயும்வரை வேலை செய்கிறார்கள். வாசம் நின்றுவிட்டது, பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்கிறார்கள். நான் அவர்களைத் திட்டுவதில்லை. பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவள், சனிக்கிழமை மத்தியானமானால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எருத்தேன்பதிக்குப் பஸ் ஏறிவிடுகிறேன். சாளைக் கதவைச் சாத்திக்கொண்டு, விசிறிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்க்கிறேன். பெட்ரோல் வாசம் வருகிறது, கொப்பரை வாசம் வருகிறது. வேறொன்றும் வருவதில்லை.